பழைய துறைமுகமும் நமது கடனும்

நம்மவர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், அது நிக்காஹ் வீடாயினும் சரி, சங்கத்தின் ஆண்டுக் கூட்டமாயினும் சரி, பேச்சு சுற்றிச் சுற்றிப் பழைய பினாங்கில் வந்து நிற்பதைக் காண்கிறோம். "அந்தக் காலம் போல் வருமா?" என்று ஒருவர் தொடங்குவார். "அப்போதெல்லாம் எழுத்து ஏது, கையொப்பம் ஏது? வாய்ச்சொல்லிலேயே வியாபாரம் நடந்தது" என்று மற்றொருவர் தொடருவார். அந்தத் துறைமுகத்தைக் கண்ணால் கண்டிராத இளைஞர்களும் தலையசைப்பார்கள். அந்தப் பேச்சிலே ஓர் இன்பம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இன்பத்திற்கு விலை கொடுத்தவர் யார், அந்த விலையில் இன்னும் பாக்கி ஏதும் உண்டா என்று வியாபாரிகளாகிய நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா? பழைய நாளுக்காக ஏங்குவது நன்றா, தீதா என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் கற்றதும் போக, மீதியைக் கடையில் கற்றவன். நாற்பது வயதைக் கடந்திருந்தாலும் ராஜூலா கப்பலைக் காணும் வாய்ப்பு எனக்கு இருந்ததில்லை. ஆகையால் பெரியவர்களிடம் கேட்டதையும் புத்தகங்களில் படித்ததையும் வைத்துக்கொண்டு, கடைக் கணக்கு எழுதும் முறையில், வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்க்கிறேன். தவறிருந்தால் அறிந்தோர் திருத்துக.

முதலில் வரவை எழுதுவோம்.

1786-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டு, சுங்கமில்லாத துறைமுகமாக அதை நடத்தினார். முன்னரே கெடாவில் தொழில் செய்துவந்த நம்மவர் பலர் தீவுக்குப் பெயர்ந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்தும் ஆட்கள் கப்பலேறி வந்தனர். 1801-ல் நம்மவர்களின் தலைவராயிருந்த காதர் முஹ்யித்தீன் அவர்களின் முயற்சியால், இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று வழங்கும் பள்ளிவாசல் ஏற்பட்டது. சூலியா தெரு என்ற பெயரே நம்மவரின் பெயர்தான். அத்தெருவின் மூலையிலே நாகூர் ஆண்டகை பெயரால் ஒரு தர்காவும் எழுந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரையே கொஞ்சம் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

அந்தத் துறைமுகத்தின் ஒரு நாளை மனக்கண்ணில் பாருங்கள். பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். தொங்கான்கள் சரக்கை ஏற்றிக்கொண்டு கரைக்கு வரும். ஈயம், ரப்பர், மிளகு, பாக்கு, கிராம்பு, ஜாதிக்காய், அரிசி மூட்டைகள் எல்லாம் ஒரே கரையில் வந்து குவியும். அஞ்சடியிலே நாணயம் மாற்றுகிறவர் ஒரு பக்கம், புத்தகம் விற்பவர் ஒரு பக்கம், வெற்றிலை பாக்குக்காரர் ஒரு பக்கம். கடைக்காரர் வீட்டாரிடம் தமிழும், வாடிக்கையாளரிடம் மலாயும், மொத்த வியாபாரியிடம் ஹொக்கியனும் பேசுவார். ஆச்சே தெருப் பக்கம் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட மலாய் மக்கள் குடும்பத்தோடு வந்து தங்கிக் கப்பலுக்குக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டிய சாமான்களால் நம்மவர் கடைகளிலும் வியாபாரம் செழித்தது.

கப்பல் வரும் நாளோ பெருநாளைப் போன்றது. 1926-ல் கட்டப்பட்ட ராஜூலா, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வருவதும் போவதுமாக 1973 வரை ஓடியது. அது வந்து நின்றால் கடிதம் வரும், ஊறுகாய் வரும், கருவாடு வரும். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் மௌத்தானார் என்ற செய்தி வரும். முகம் தெரியாத சிறுவனாக இறங்கியவனை, "நீ இன்னாருடைய மகனல்லவா?" என்று கேட்டு அழைத்துப்போக ஓர் ஆள் கரையில் நிற்பார். இவையெல்லாம் பொய்யல்ல. வரவுப் பக்கத்தில் இவற்றைத் தாராளமாக எழுதிக்கொள்ளலாம்.

அந்தத் துறைமுகம் இப்போது இல்லை. 1969-ல் பினாங்கு தன் சுங்கமில்லாத உரிமையை இழந்தது. அதே ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாகிப் பல்லாயிரம் இந்தியர் மூட்டை கட்டினர். ராஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அத்தோடு அந்தக் கடற்பயணமும் முடிந்தது. சரக்கு வேலை அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000-ம் ஆண்டு பிறந்தபோது, நகரின் நடுவே குறைந்த வாடகையில் இருந்த ஏழைக் குடிகளும் சிறு வியாபாரிகளும் இடம் பெயர்ந்தனர். 2008-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இன்று அந்தச் சுவர்களிலே பழைய வாழ்க்கையைப் படமாக வரைந்திருக்கிறார்கள். உல்லாசப் பிரயாணிகள் அதன் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே வாழ்ந்தவர் வெளியே போய்விட, அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை மட்டும் சுவரில் தங்கிவிட்டது.

இனிச் செலவுப் பக்கம்.

1794-ல் பிரான்சிஸ் லைட் தம் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில் சூலியர்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். தீவில் நிலையாகத் தங்கியவர் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்றும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, வியாபாரத்தாலும் கூலி வேலையாலும் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு திரும்ப, வேறு ஆட்கள் அவர்களுடைய இடத்துக்கு வந்தனர் என்றும் அவர் எழுதினார். அவர்கள் கடைக்காரரும் கூலியாட்களும் என்பதே அவர் தரும் விவரம். இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய அக்குறிப்பை நம்முடைய இன்றைய பேச்சோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பேச்சில் கடைக்காரர் இருக்கிறார். கூலியாள் எங்கே போனார்? கடை வைத்தவரின் பெயர் பலகையில் நின்றது, பள்ளிவாசல் கல்லில் நின்றது, பேரன் வாயில் நின்றது. மூட்டை தூக்கியவரின் பெயர் எங்கும் நிற்கவில்லை. அவரும் நம்மவரே. நம்மிற் பலருக்கு அவரே பாட்டனார் என்பதும் உண்மை.

நாசி கண்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று இந்நாடு முழுவதும் அதற்குப் பெயர் உண்டு. வரிசையில் நின்று உண்கிறார்கள். "கண்டார்" என்ற மலாய்ச் சொல்லுக்குத் தோளில் கழி வைத்துச் சுமப்பது என்று பொருள். கழியின் ஒரு முனையில் சோறு, மறு முனையில் கறி. வெயிலிலும் மழையிலும் துறைமுகத் தொழிலாளர் இருக்குமிடம் தேடிப்போய் விற்றவர்கள் நம்மவர். கழி போய்விட்டது, பெயர் நிற்கிறது. நமக்கு நாவில் நீர் ஊற வைக்கும் அப்பெயருக்குள்ளே ஒரு மனிதனின் தோள் காய்த்துப்போன கதை அடங்கியிருக்கிறது.

இன்னும் எழுதலாம். டெக் பிரயாணம் என்பது பாயை விரித்துக் கப்பல் தளத்திலே படுத்து வருவது. கப்பலில் தொற்றுநோய் கண்டால், கரை கண்ணுக்குத் தெரிய, ஜெரெஜாக் தீவிலே இறக்கித் தடுத்து வைப்பார்கள். வந்தபின் கடைப் பலகையே கட்டில், கணக்குப் புத்தகமே தலையணை. எல்லா இனத்தாரும் ஒற்றுமையாக இருந்தோம் என்கிறோம். பெரும்பாலும் உண்மைதான். ஆயினும் 1867-ல் வெள்ளைக்கொடிக் கூட்டமும் சிவப்புக்கொடிக் கூட்டமும், சீனரின் இரகசியச் சங்கங்களோடு பக்கத்துக்கொரு கூட்டமாய்ச் சேர்ந்து, இந்நகரின் தெருக்களில் நாட்கணக்கில் மோதிக்கொண்டன. 1941 டிசம்பர் 11-ந் தேதி ஜப்பானியர் குண்டு வீசியபோது இதே தெருக்களில் மையித்துகள் கிடந்தன. அதற்குப் பின் வந்த மூன்றரை ஆண்டுப் பசியை நம் பெரியவர்கள் இன்றும் பேச விரும்புவதில்லை.

கணக்கில் மிகப் பெரிய செலவு இங்கே ஏற்பட்டதன்று. அது நாகூரிலும் கீழக்கரையிலும் கடையநல்லூரிலும் இராமநாதபுரத்துச் சிற்றூர்களிலும் ஏற்பட்டது. கல்யாணமாகி மூன்று மாதத்தில் கணவனைக் கப்பலேற்றிவிட்டு, அவன் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ கழித்துத் திரும்பும்வரை கடிதத்தையும் மணியார்டரையும் பார்த்து நாளெண்ணிய பெண்களைச் சொல்லுகிறேன். துறைமுகத்தின் அழகைப் பேசும் எவரும் அவர்களைப் பேசுவதில்லை. அவர்கள் துறைமுகத்தையே கண்டதில்லை. ஆனால் அதன் செலவைக் கட்டியவர்கள் அவர்களே.

இப்போது நம்மவர் வழக்கமாகச் சொல்லும் வாதத்துக்கு வருகிறேன். "கஷ்டம் இருந்தாலும் அக்காலத்தில் நாணயம் இருந்தது" என்பது அவ்வாதம். இருந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. அது எப்படி நிலைத்தது என்று பார்க்கவேண்டும். ஒரே கடைத்தெருவில் இருந்தவர்களிற் பலர் ஒரே ஊரார், பலர் சம்பந்தக்காரர். இங்கே ஒருவன் கொடுக்கல் வாங்கலில் பிசகினால் அடுத்த கப்பலில் அச்செய்தி அவன் ஊருக்குப் போய்ச் சேரும். அவன் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைப்பது அரிது. ஜமாஅத்தில் அவன் தகப்பனார் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. ஆகவே அன்றைய மனிதர் பிறவியிலேயே நம்மைவிட உயர்ந்தவர் என்று முடிவு கட்டுவதற்கில்லை. அவர்களை நேராக நடத்தியதில் அடுத்த கப்பலுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் அது வெறும் பயம், நாணயமாகாது என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் நான் ஒப்பவில்லை. நாற்பது வருஷம் பயத்தால் சரியாக நிறுத்தவனுடைய கை, பயம் நீங்கிய பிறகும் தராசைச் சரியாகவே பிடிக்கும். பழக்கம் நாளடைவில் குணமாகிவிடுகிறது. ஆனால் நாணயம் நிலைக்க வேண்டுமானால் அதைக் காவல் செய்ய ஓர் ஏற்பாடு வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது. அன்று ஊரின் கண் அந்தக் காவலைச் செய்தது. இன்று நம் கடையில் வேலை செய்ய ஊரிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ வருகிறவன் யாருடைய கண் முன் இருக்கிறான்? அவன் சம்பளத்தை நாம் இரண்டு மாதம் தாமதித்தால், அவன் தொலைபேசியில் தன் வீட்டாரிடம் சொல்லி அழுவான். அவன் ஊரிலே நமக்கு முகமுமில்லை. ஆதலால் போவதற்கு மானமுமில்லை. பழைய நாணயத்தைக் காத்த கப்பல் நின்றுபோயிற்று என்பதன் உண்மையான பொருள் இதுதான்.

என் கடைக்கு வாடிக்கையாக வரும் பெரியவர் ஒருவர் உண்டு. 1952-ல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக மாமாவோடு டெக்கில் வந்து இறங்கியவர். கப்பலில் பக்கத்துப் பாய்க்காரர் தமக்குப் பங்கிட்டுக் கொடுத்த கட்டுச்சோற்றின் ருசியை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார். ஒரு நாள் நான் அவரிடம், "ஹாஜியார், உங்கள் பேரனை அதே மாதிரி அனுப்புவீர்களா?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சில்லறையை எண்ணிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு சொன்னார்: "அந்த நாளை எனக்குத் திருப்பித் தருகிறேன் என்றால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன், தம்பி. என் பேரனுக்கு மட்டும் கொடுத்துவிடாதே."

இதைவிடத் தெளிவாக இவ்விஷயத்தை ஆலிம்களும் சொல்லியிருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். அவர் தம் இளமையை விரும்புகிறார், அதில் குற்றமில்லை. அதன் கஷ்டத்தைப் பிறர் தலையில் வைக்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. ஏக்கம் நல்லதா, கெட்டதா என்பதற்கு இதையே உரைகல்லாகக் கொள்ளலாம். நாம் ஏங்குகிற அந்த வாழ்க்கையை நம் பிள்ளைக்குத் தருவோமா என்று கேட்டுக்கொள்வோம். தருவோம் என்றால் அது மெய்யான ஏக்கம். மாட்டோம் என்றால், அவ்வாழ்க்கையில் நாம் விரும்புவது எது, வெறுப்பது எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். பிரித்துப் பாராதவன், உமியும் அரிசியும் கலந்த மூட்டைக்கு அரிசி விலை கொடுத்து வாங்குகிறவனை ஒப்பான்.

மறுபுறம், இக்கால இளைஞர் சிலர், "பழைய காலமெல்லாம் வெள்ளைக்காரன் ஆட்சியும் கூலி வாழ்க்கையும்தான், அதைப் பேசி என்ன பயன்?" என்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கஷ்டப்பட்டவர்கள் சிரிக்கவும் செய்தார்கள். பசியோடு இருந்தவனும் பக்கத்துப் பாய்க்காரனுக்குச் சோறு கொடுத்தான். அந்தச் சிரிப்பையும் அந்தச் சோற்றையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, அவர்களை வெறும் பரிதாபப் பொருளாக ஆக்குவதும் அநியாயமே. வரவை மறைப்பதும் பொய்க் கணக்கு; செலவை மறைப்பதும் பொய்க் கணக்கு.

இரண்டையும் எழுதிக் கூட்டினால் மிஞ்சுவது என்ன? நம் கையில் மிஞ்சுவது இருப்பன்று, கடன் என்பதே என் அபிப்பிராயம். நாம் இன்று கல்லாவில் உட்கார்ந்திருப்பது, யாரோ ஒருவர் பலகையில் படுத்ததனால். நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவது, யாரோ ஒரு பெண் கடிதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததனால். கடன் கொடுத்தவர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அவர்களுக்கு துஆச் செய்யலாம். பணமாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் அவர்கள் வந்த அதே வழியில், அதே வயதில், அதே பையோடு, விமானத்தில் வந்து இறங்குகிறவன் ஒருவன் நம் கடை மாடியில் இருக்கிறான். கடனை வாங்கிக்கொள்ள உரிமையுள்ள வாரிசு அவனே.

இங்கேதான் நம் ஏக்கம் கெட்டுப்போகும் இடமும் இருக்கிறது. மாடியில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்திருக்க, ஒருவன் காற்றில்லை என்று முறையிட்டால், "என் பாட்டனார் அஞ்சடியில் படுத்தார், தெரியுமா?" என்று சொல்லிவிடுகிற முதலாளிகள் நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியுமா? பாட்டனார் பட்ட துன்பம் நமக்குக் கிடைத்த முதலன்று. அதிலிருந்து எடுத்துப் பிறருக்கு வட்டிக்கு விடுவதற்கு நமக்கு அதிகாரமில்லை. பாட்டனார் அஞ்சடியில் படுத்தது, தம் பேரனும் இன்னொருவனை அஞ்சடியில் படுக்க வைக்கவேண்டும் என்பதற்காகவா? அவரை எழுப்பிக் கேட்டால் என்ன சொல்லுவார் என்பதை, மேலே சொன்ன பெரியவரின் வாயால் கேட்டுவிட்டோம்.

வியாபாரிகளின் சங்கடமும் எனக்குத் தெரியும். ஆள் கிடைப்பது கஷ்டம், அனுமதிச் சீட்டின் செலவு அதிகம், வாடகை ஏறிவிட்டது, இலாபம் குறைந்துவிட்டது. இவையெல்லாம் மெய். ஆயினும் பெரிய முதல் வேண்டாத சில காரியங்கள் உண்டு. அவனுடைய பாஸ்போர்ட் அவன் கையில் இருக்கட்டும். பிறர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இந்நாட்டுச் சட்டத்துக்கே விரோதம். சம்பளம் சொன்ன தேதியில் போகட்டும். கூலியைப் பற்றி நாம் சிறு வயதில் ஓதியதை இங்கே திருப்பிச் சொல்லத் தேவையில்லை. படுக்க ஓர் இடம், அதற்கு ஒரு ஜன்னல், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. தொழிலாளர் குடியிருப்பைப் பற்றிய 1990-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூன் முதல் எல்லாத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்டுள்ளது. சட்டம் வந்து சொல்வதற்கு முன்னே நாம் செய்திருந்தால் பெருமை. சொன்ன பிறகாவது செய்வது கடமை.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டு மலர்களில் பழைய புகைப்படங்களைப் போடுகிறோம். நாற்காலியில் அமர்ந்தவர்களுக்குப் பெயர் போடுகிறோம். பின்னால் நிற்பவர்களுக்கும், மூட்டையோடு ஓரமாய் நிற்பவர்களுக்கும் பெயர் இல்லை. எண்பதைக் கடந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, அந்த மனிதர் யார், எந்த ஊர், எத்தனை பேர் அவரை நம்பி ஊரில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வைப்போம். ஊரில் காத்திருந்த தாய்மார்களின் பெயரையும் சேர்த்து எழுதுவோம். பெயரை எழுதுவது சிறு காரியமாகத் தோன்றலாம். கணக்குப் புத்தகத்தில் பெயர் இல்லாதவனுக்கு யார் கடனைத் தீர்ப்பார்கள் என்பதை வியாபாரிகள் அறிவார்கள்.

ஆகவே பழைய துறைமுகத்தை நினைக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாக நினைப்போம், பிள்ளைகளுக்கும் சொல்லுவோம். சொல்லும்போது மாடியில் படுத்திருப்பவனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்லுவோம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நம்மால் சொல்ல முடிகிற கதை எதுவோ, அதுவே நேரான கணக்கு. அவன் எதிரில் சொல்ல நாக்கூசுகிற பகுதி எதுவோ, அதுவே நாம் இன்னும் தீர்க்காத பாக்கி. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் குறையாமல் செலுத்தும் நல்லோர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.